வாட்வில் – சொல் விளக்கம்

அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களைப் பற்றி எதைப் படித்தாலும் 'வாட்வில்லிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள்' என்று ஒரு வரி வந்துவிடும். கேட்பதற்கு ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதல்லவா, அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், வீர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 15ஆம் நூற்றாண்டில் பாடிய கேலிப் பாட்டுகளின் பெயர்தான் இப்படித் திரிந்தது என்பது பரவலான விளக்கம். 'நகரத்துக் குரல்' என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பிறகு பிரான்சில் பாட்டு கலந்த நகைச்சுவை நாடகத்துக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்கா போனதும் பொருளே மாறிவிட்டது. 1880களிலிருந்து அங்கே வாட்வில் என்றால் ஒரே டிக்கெட்டில் பாட்டு, நடனம், வித்தை, பழக்கிய நாய், காமெடி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உருப்படிகள். முதல் உருப்படியில் பெரும்பாலும் பேச்சே இருக்காது, ஏனென்றால் ஜனங்கள் அப்போதுதான் இருட்டில் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். பெரிய நட்சத்திரத்துக்குக் கடைசிக்கு முந்தைய இடம்.

மார்க்ஸ் சகோதரர்கள் இதில் பாட்டுக் குழுவாகத்தான் நுழைந்தார்கள், அம்மா மின்னிதான் மேனேஜர். டெக்சாஸில் ஒருநாள் வெளியே கோவேறு கழுதை ஒன்று மிரண்டு ஓட, கூட்டம் பாதிப் பாட்டில் எழுந்து வேடிக்கை பார்க்கப் போய்விட்டதாம். திரும்பி வந்தவர்களைச் சகோதரர்களில் ஒருவரான குரூச்சோ கடுப்பில் கிண்டலடிக்க, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சகோதரர்கள் காமெடிக்குத் தாவியதற்கு அந்தக் குடும்பம் சொல்லும் கதை இது. 1914இல் இல்லினாய்ஸில் ஒரு சீட்டாட்ட மேசையில்தான் குரூச்சோ, ஹார்ப்போ, சிக்கோ என்ற பட்டப்பெயர்களே விழுந்தன. 1929இல் 'தி கோகோநட்ஸ்' படத்தோடு சினிமா. அப்போதும் மேடைப் பழக்கம் போகவில்லை: 1935இல் 'எ நைட் அட் தி ஆப்பரா' எடுப்பதற்கு முன்பே அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்து, எந்த வசனத்துக்குச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள்.

சரி, தமிழில்? 'நாடகம்' பொருந்தாது, தொடர்ச்சியான கதை கிடையாது. 'தெருக்கூத்து' என்று எழுதுவது இன்னும் மோசம், கூத்து விடிய விடிய ஒரே கதையைச் சொல்வது. என் தேர்வு 'பல்சுவை மேடை', நடிப்பவர் 'பல்சுவை மேடைக் கலைஞர்'. 'கதம்ப நிகழ்ச்சி' என்றாலும் புரியும், ஆனால் அது ஒருநாள் விழாவைத்தான் நினைவூட்டுகிறது. இதுவோ வருஷம் முழுக்க நடந்த தொழில். பழைய பிரெஞ்சு வகையைக் குறிக்கும்போது மட்டும் 'பாட்டு கலந்த நகைச்சுவை நாடகம்' என்று விரித்தே எழுதிவிடலாம்.