சேலம் வெயில் போதாதா? பச்சோந்திக் கூண்டில் வெளிச்சமும் சூடும் செய்யும் வேலை

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “உரிய தாள்களோடு ஒரு ஏமன் பச்சோந்தி என் கைக்கு வந்திருக்கிறது. கூண்டுக்குப் புற ஊதா விளக்கு, சூடு விளக்கு, தண்ணீர் தெளிப்பான் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அது பாலைவன நாட்டுப் பிராணிதானே, சேலத்து வெயிலே போதாதா? ஏற்காட்டில் அக்கா வீடு இருக்கிறது. கோடைக்கு அங்கே வைத்துக்கொள்ளலாமா?”

முதலில் தாள்களைப் பற்றி. நம் வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் திரியும் இந்தியப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்தில் அதைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள். விஷப் பிராணி என்று சொல்லிக் கல்லெறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனிடம் ஒரு துளி விஷம்கூடக் கிடையாது. வாசகரிடம் இருப்பது ஏமனிலும் தென்மேற்குச் சவுதியிலும் வாழும் வேறு இனம். ‘சைட்டீஸ்’ என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். கைமாறினாலும், முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் அங்கே தெரிவிக்க வேண்டும்.

அது பாலைவனப் பிராணியும் அல்ல. ஏமனின் மலைச்சரிவுகளில் பகலில் வெயில் காயும், இரவில் குளிரும், விடியற்காலையில் இலையெல்லாம் பனித்துளி நிற்கும். சேலம் நகரத்தைவிட அந்த நிலம் ஏற்காட்டுக்குத்தான் நெருக்கம்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருவோம். சேலத்து வெயில் தாராளமாகப் போதும். ஆனால் அது வீட்டுக்குள் வருவதில்லை. பச்சோந்திக்கு வெயிலில் வேண்டியது 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா பி கதிர். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விட்டுவிட்டு, அந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்று வெயில் விழும் இடத்தில் கூண்டை வைத்தால் பிராணி வெந்துபோகும், எலும்பும் தேறாது.

எலும்புக்கும் இந்தக் கதிருக்கும் இடையில் தோலில் நடப்பது இரண்டு கட்ட வேலை. தோல் செல்லின் சவ்வில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. புற ஊதா பி கதிரின் ஒரு துகள் அதன் மேல் பட்டதும் அதன் வளையங்களில் ஒன்று திறந்துகொள்ளும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. அப்படிக் கிடைப்பது வைட்டமின் டி3-க்கு முந்தைய வடிவம். அதை உண்மையான டி3 ஆக்குவது வெளிச்சம் அல்ல, சூடு. வளையம் திறந்துவிட்டதால் அந்த மூலக்கூறு தளர்ந்து கிடக்கும், ஒரு பிணைப்பைச் சுற்றி இப்படியும் அப்படியும் திரும்பும். சுருண்ட நிலையில் இருக்கும்போது மட்டுமே ஒரு ஹைட்ரஜன் அணு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தாவி வைட்டமின் உருவாகும். நீண்ட நிலையில் எவ்வளவு சூடு பட்டாலும் அது நடக்காது.

இதைச் சோதனைக் குழாயில், ஹெக்சேன் என்ற கரைப்பானில், 25 டிகிரியில் செய்து பார்த்தால் பாதிப் பொருள் மாறவே சுமார் 72 மணி நேரம் பிடிக்கிறது. ஓணான் குலத்தைச் சேர்ந்த இகுவானாவின் தோலில் அதே 25 டிகிரியில் அந்தப் பாதி 8 மணி நேரத்தில் மாறிவிடுகிறது. மைக்கேல் ஹோலிக்கும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட கணக்கு இது. சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் அந்தத் தளர்ந்த பொருளைச் சுருண்ட நிலையிலேயே பிடித்து நிறுத்திவைக்கின்றன. சட்டைக் காலரை மடித்துப் பிடித்துக்கொண்டால்தான் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு மடிப்பு நிற்கும் என்பது போல. டி3 ஆக மாறி முடிந்ததும் அதன் வடிவம் சவ்வுக்குள் பொருந்தாமல் போகிறது. அதனால் வெளியே தள்ளப்பட்டு, இரத்தத்தில் காத்திருக்கும் புரதத்தோடு சேர்ந்து கல்லீரலுக்குப் புறப்படுகிறது. தன் உடம்பில் சூடு உண்டாக்க வழியில்லாத ஒரு பிராணி, சூட்டைக் கேட்கும் ஒரு வேதிவினையைத் தன் சவ்வின் அமைப்பாலேயே ஒன்பது மடங்கு விரைவாக்கிக்கொள்கிறது. உயிரியலில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடுகள் அதிகம் இல்லை என்றே சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கதிர் அளவுக்கு மீறினால், டி3-க்கு முந்தைய பொருளே லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்று உடம்புக்கு அந்த வேலையைச் செய்யாத பொருள்களாக மாறிவிடும். அதனால் வெயிலால் வைட்டமின் டி மிஞ்சிப்போவதில்லை. டப்பாவில் வரும் டி3 பொடிக்கு இந்தப் பூட்டு கிடையாது. கூடுதலாகப் போட்டால் சுண்ணச்சத்து சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் படியும். மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்திகளை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், உணவில் டி3 குறைந்தவை புற ஊதாக் கதிரைத் தேடிப்போய் நின்றன, டி3 நிறைய உண்டவை குறைவாக நின்றன. தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அது தானே தீர்மானிக்கிறது. கூண்டு கட்டுகிறவருடைய வேலை அந்தத் தீர்மானத்துக்கு இடம் கொடுப்பதுதான்: மேலே கதிரும் சூடும், கீழே இருட்டும் குளிர்ச்சியும், நடுவில் ஏறி இறங்கக் கிளைகள்.

வளர்ந்த ஒரு பச்சோந்திக்கு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம். இதற்குக் குறையக் கூடாது. ஒரு கூண்டில் ஒன்றுதான், ஜோடியாகக்கூட வேண்டாம். இன்னொன்றையோ கண்ணாடியில் தன் உருவத்தையோ பார்த்துக்கொண்டே இருந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும். அலுமினிய செக்‌ஷனில் சட்டம் அடித்து, பிவிசி பூசிய அரை அங்குலக் கண் கம்பி வலையைப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் வலையும் சரி, சேலத்தில் அதற்குப் பட்டறை தேடி அலைய வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய ஜிஐ வலை மட்டும் வேண்டாம். வலையில் நிற்கும் தண்ணீரைத்தான் அது நக்கும், அதோடு துத்தநாகமும் உள்ளே போகும். கொசுவலையில் நகம் மாட்டி உடைகிறது, புற ஊதாவும் கணிசமாகக் குறைகிறது. அடியில் மரத்தூளோ தேங்காய் நாரோ பரப்பாதீர்கள். நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். துளை போட்ட தட்டும் அதன் கீழே ஒரு வாளியும் போதும். கூண்டைத் தரையில் வைக்காமல் மேசை மேல் ஏற்றி, மேல்கிளை உங்கள் தலைக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். தன்னைவிட உயரத்திலிருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்துதான்.

புற ஊதாவுக்கு டி5 ஹெச்ஓ குழல் விளக்கு, 2 அடிக் கூண்டுக்கு 24 வாட், உறையில் 6 சதவீதம் அல்லது 5.0 என்று போட்டிருப்பது. சுருள் பல்பின் வீச்சு ஓரிடத்திலேயே நின்றுவிடும். வலையின் மேல் குழலை வைத்தால் அதற்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கீழே மேல்கிளை வர வேண்டும். கதிரை அளக்கும் மீட்டர் கிடைத்தால் பிராணியின் முதுகு உயரத்தில் புற ஊதாக் குறியீடு 3 காட்ட வேண்டும், அடிப்பகுதி இலைகளுக்குள் 0. அதே கிளையின் ஒரு முனைக்கு மேலே, வலைக்கு வெளியே, 40 அல்லது 60 வாட் சூடு பல்பு. கதிரும் சூடும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதற்குக் காரணம் மேலே சொன்ன இரண்டு கட்ட வேலைதான். ஆணுக்கு அந்த இடம் 29 முதல் 32 டிகிரி, பெண்ணுக்கும் குட்டிக்கும் 27 முதல் 29. தூரத்தைக் கிளையிலிருந்து அளக்காதீர்கள், தலைக் கொண்டையின் உச்சியிலிருந்து அளவெடுங்கள். பல்புக்கு நெருங்கிய கொண்டை கருகிப்போகும், அது உறைக்காமலேயே அங்கே உட்கார்ந்திருக்கும். நாளைக்கு 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் முழு இருட்டு. ராத்திரிக்குச் சிவப்பு பல்பு என்று கடையில் தருவார்கள், வாங்காதீர்கள்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் இதே கூண்டு நேர்மாறாக நடந்துகொள்ளும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டும். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால் இடைவெளி சுமார் 8 டிகிரி. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து மாடி அறை 35-ஐத் தாண்டும். பிராணிக்கு வியர்வை கிடையாது, மின்விசிறிக் காற்று அதைக் குளிர்விக்காது. அறை 30-ஐத் தொட்டதுமே சூடு பல்பு தானாக அணையும்படி தெர்மோஸ்டாட் மாட்டுங்கள். புற ஊதாக் குழல் எரியட்டும். ஏர்கூலரின் ஈரக் காற்று நேராக அடிக்காமல் அறைக்குள் சுழலட்டும். இரவில் அறை 24-க்கு இறங்க ஏ.சி. தேவைப்படலாம். தெளிப்பானின் 12 வோல்ட் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் இரவு முழுவதும் புகைபோல் பனி விடும் கருவியைக் காட்டுகிறார்கள். அது இரவு 18 டிகிரிக்கு இறங்கும் ஊருக்கு. 27 டிகிரியில் நின்றுவிட்ட சேலத்து இரவில் அதைச் செய்தால் சூடும் ஈரமும் சேர்ந்து நுரையீரலில் கிருமி பெருகும். வாயை மேலே தூக்கித் திறப்பது, மூச்சில் சொடுக்குச் சத்தம் வருவது இரண்டும் அதன் அடையாளம். சேலத்தில் விடியலுக்குச் சற்று முன்பு 2 நிமிடம், விளக்கு அணைந்தபின் 2 நிமிடம் தெளித்தால் போதும். ஏற்காட்டில் அந்தப் பனிக் கருவியை வாங்கவே வேண்டாம், மலையே செய்துவிடும். அங்கே கவலை வேறு: மூடுபனி நாள்களில் இலையும் வலையும் காயாமல் பூஞ்சை பிடிக்கும். பகலில் இலைகள் ஒருமுறையாவது முழுதாகக் காய வேண்டும். டிசம்பரில் தோல் குளிர்ந்தே கிடந்தால் கதிர் பட்டும் இரண்டாம் கட்டம் இழுத்துக்கொண்டே போகும். அதனால் சூடு பல்புக்கு ஏற்காட்டில்தான் மதிப்பு அதிகம். கோடைக்கு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவது நல்ல யோசனை, விளக்குகளையும் சேர்த்துக் கொண்டுபோனால்.

இந்த ஊரின் பச்சோந்தி எத்தனை மணிக்கு, எவ்வளவு கதிரில் வெயில் காய்கிறது என்று சேர்வராயன் அடிவாரப் புதர்க்காட்டில் அளக்க ஒரு கையடக்க மீட்டரும் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு ஓராண்டு உதவித்தொகையும் இருந்தால் போதும். ஆர்கிட் செடிகளுக்காக இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஏற்காட்டில் தனித் தோட்டமே வைத்திருக்கிறது, பெருமைப்பட வேண்டிய விஷயம். ஊர்வனவற்றுக்கும் அந்தப் பொறுமையான அளவெடுப்பு வேண்டும். சின்னச் செலவு என்பதாலேயே இத்தகைய வேலை நிதி கேட்கும் வரிசையில் பின்னுக்குப் போவது எனக்கு ஏற்புடையதல்ல.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளிதான் அதற்குத் தண்ணீர். தெளிப்போடு, பகலில் சொட்டுச் சொட்டாக இலையில் விழும் ஒரு பாட்டிலும் தொங்கட்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் தெளிப்பான் மூக்கை மாதத்துக்குள் அடைத்துவிடும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். கழிவில் வரும் வெள்ளைக் கட்டி ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை. செடிக்குச் செம்பருத்தி அருமை, இலையையும் பூவையும் கடித்துத் தின்னும். மணி பிளாண்ட் தாங்கும். அரளி, எருக்கு, உண்ணிச்செடி கூடவே கூடாது. கிளைக்குக் கொய்யாவோ கவாத்து செய்த காப்பிக் கொம்போ நல்லது. விரல் பருமன் முதல் கட்டைவிரல் பருமன் வரை, பாதம் சுற்றிப் பிடிக்கும் அளவு. எஸ்டேட்டிலிருந்து வந்த கொம்பில் மருந்து அடித்திருப்பார்கள், அடிக்காத மரத்தில் வெட்டுங்கள்.

சாப்பாடு சிள்வண்டும் கரப்பான் வகைகளும். தலையின் அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். பூச்சிக்கு முந்தின நாள் முருங்கைக்கீரை கொடுங்கள், சுண்ணச்சத்து அதன் வயிற்றோடு வந்து சேரும். பாலக்கீரை அதைக் கட்டிவைத்துக்கொள்ளும், தவிர்க்கலாம். டி3 இல்லாத கால்சியம் பொடி ஒவ்வொரு முறையும் லேசாகத் தூவ வேண்டும், டி3 கலந்த பொடி மாதத்துக்கு இருமுறைதான். வழுவழுப்பான கப்பில் பூச்சியை வையுங்கள். கூண்டில் தங்கிவிட்ட சிள்வண்டு இரவில் தூங்கும் பச்சோந்தியையே கடிக்கும்.

பெண்ணாக இருந்தால் ஆணே இல்லாவிட்டாலும் முட்டை வரும். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் நிரப்பிய தொட்டி எப்போதும் கூண்டுக்குள் இருக்கட்டும், விரலால் குடைந்தால் சரியாத அளவு ஈரம். தோண்ட இடமில்லாத பெண் முட்டையை அடக்கிவைத்தே செத்துப்போகும்.

புற ஊதாக் குழலை மாட்டும் நாளில் அதன் உலோக முனையில் மார்க்கரால் தேதி எழுதிவிடுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் தேய்ந்துபோயிருக்கும். மீட்டர் இல்லாதவர்கள் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். நாக்கு குறி தவறுவது, முன்கை வில்லாக வளைவது, தாடை ரப்பர் போல் ஆவது, கிளையை விட்டுத் தன் காலையே பிடித்துக்கொள்வது, இவற்றில் எது தெரிந்தாலும் எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டது. பொடியைக் கூட்டிப் பார்ப்போம் என்று வீட்டில் உட்கார வேண்டாம். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். போகும்போது பொடி டப்பா, குழலில் எழுதிய தேதி, கூண்டின் மேலும் கீழும் ஒரு நாள் எடுத்த வெப்ப அளவு மூன்றையும் கொண்டுபோங்கள். வளைந்த எலும்பு நிமிராது, ஆனால் சிகிச்சையால் கரைவதை நிறுத்தலாம்.