டவர் ஃபுல்லா காட்டுது, ஆனா கால் போகல: சிக்னல் பூஸ்டர் வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

மொபைல் நெட்வொர்க்ல ஆர்எஃப் ஆப்டிமைசேஷன் தான் நம்ம வேலை. அதாவது டவர் நல்லாதான் இருக்கு, ஆனா ஜனங்க திட்டுறாங்கன்னா ஏன்னு கண்டுபிடிக்கணும். 3ஜி நல்லா ஓடிட்டிருந்த காலத்துல சென்னைல ஒரு நெரிசலான ஏரியால இருந்து கம்ப்ளைன்ட் மேல கம்ப்ளைன்ட். ஃபோன்ல நாலு கோடும் இருக்கு, எதிர்ல பேசுறவங்க குரல் தெளிவா கேக்குது, நாம பேசுறது மட்டும் அவங்களுக்கு உடைஞ்சு உடைஞ்சு போகுது, அப்புறம் கட்.

இந்த கோடுகள பத்தி முதல்ல சொல்லிடுறேன். டவர் பேசுறது ஃபோனுக்கு எவ்ளோ பலமா கேக்குதுங்கிறதுதான் அது. ஃபோன் பேசுறது டவருக்கு கேக்குதாங்கிறது அதுல தெரியவே தெரியாது.

ஆபீஸ்ல உக்காந்து அந்த செல்லோட (செல்னா இங்க ஃபோன் இல்ல, டவரோட ஒரு ஆன்டெனா பாத்துக்கிற ஏரியா) ஆர்டிடபிள்யூபி பாத்தேன். டவர் காதுல விழுற மொத்த சத்தத்தோட அளவு அது. ஒருத்தரும் பேசாத நேரத்துல சுமார் -105 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்துக்கு கிட்ட வர வர சத்தம் அதிகம்) இருக்கணும், 3.84 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல இயற்கையாவே இருக்குற வெப்ப இரைச்சல் -108, ரிசீவர் தன் பங்குக்கு ரெண்டு மூணு டெசிபல் சேர்க்கும், அவ்ளோதான். இங்க விடிகாலை மூணு மணிக்கும் -95. பத்து டெசிபல் தானேன்னு நெனச்சுடாதீங்க, பத்து மடங்கு சத்தம் அது.

சத்தம் ஏறினா இவ்ளோ பாதிப்பு ஏன்னா, 3ஜில எல்லாரும் ஒரே ஃப்ரீக்வென்சில ஒரே நேரத்துல பேசுறாங்க, ஆளுக்கு ஒரு கோட் (code, தனித்தனி குறியீடு), அதுதான் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம். கோயில் திருவிழால நாலு மேளம் ஒண்ணா அடிக்கிறப்போ நீங்க ஒரு மேளத்தோட தாளத்தை மட்டும் கைல போட்டு எண்ணிட்டே இருந்தா அதோட அடி உங்க கணக்குல சரியா விழும், மத்த அடியெல்லாம் முன்ன பின்ன விழுந்து ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும். எவ்ளோ நேரம் எண்ணுறீங்களோ அவ்ளோ தெளிவு. 12.2 கிலோபிட் வாய்ஸை 3.84 மெகாசிப்ல (சிப்னா அந்த கோட்ல ஒரு அடி) பரப்புறப்போ சுமார் 315 தடவை எண்ணுற மாதிரி, 25 டெசிபல் லாபம். ஆனா ஒரு தவில் உங்க காதுக்கு பக்கத்துலயே நின்னு அடிச்சா எந்த தாளமும் நிக்காது. ஒருத்தர் டவர்ல இருந்து 100 மீட்டர்ல, இன்னொருத்தர் ஒரு கிலோமீட்டர்ல இருந்து ரெண்டு பேரும் ஒரே பவர்ல பேசினா, ஊருக்குள்ள வித்தியாசம் 40 டெசிபல் வரைக்கும் போகும், 25 டெசிபல் லாபம் எந்த மூலைக்கு? அதனாலதான் டவர் ஒவ்வொரு ஃபோனையும் செகண்டுக்கு 1500 தடவை "ஏத்து, இறக்கு"ன்னு அதட்டிட்டே இருக்கும்.

இதுக்கு மேல ஃபேடிங் வேற. சுவர்ல பட்டு வர்ற அலைகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தும் அடிச்சுக்கிட்டும் வரும், 2100 மெகாஹெர்ட்ஸ்ல ஏழு சென்டிமீட்டர் நகர்ந்தா போதும், நல்ல இடம் குழியாயிடும். ராலே ஃபேடிங்னு சொல்ற மோசமான நிலைமைல நூத்துல ஒரு பங்கு நேரம் சிக்னல் சராசரியை விட 20 டெசிபலுக்கும் கீழ கெடக்கும். வெறும் இரைச்சல் மட்டும் இருந்தா ஆயிரத்துல ஒரு பிட் மட்டும் தப்பா வர, ஒரு பிட்டுக்கு கெடைக்கிற சிக்னல் இரைச்சலை விட சுமார் 7 டெசிபல் மேல இருந்தா போதும், அதே தரத்துக்கு ஃபேடிங்ல 24 கிட்ட வேணும். ரேக் ரிசீவர் தனித்தனியா வர்ற அலைகளை பிரிச்சு கூட்டி காப்பாத்தும்தான், ஆனா அலைகளுக்கு நடுவுல ஒரு சிப் அளவு, அதாவது 78 மீட்டராவது பாதை வித்தியாசம் இருந்தாதான் அதால பிரிக்க முடியும். நம்ம சந்துல எதிர் வீட்டு சுவர் இருபது அடி, எங்க பிரிக்கிறது? அப்போ குழியை பவர் ஏத்தித்தான் ரொப்பணும், நடக்குறப்போ அது ஓரளவு முடியும், பைபாஸ்ல பஸ் பறக்குறப்போ பவர் கன்ட்ரோல் பின்தங்கிடும், எர்ரர் கரெக்ஷன் கோடிங் தான் கை கொடுக்கணும். நீங்க குழியை ரொப்ப ஏத்துற பவர் பக்கத்து செல்லுக்கு இரைச்சலா போய் விழுறது தனிக் கதை.

இப்போ கணக்கு பாருங்க. செல்லுல பாதி லோடு ஏறினா இரைச்சல் 3 டெசிபல் ஏறும், முக்கால்னா 6, தொண்ணூறு சதவீதம்னா 10. ஆக அந்த செல் ஒருத்தர் கூட பேசாமலேயே தொண்ணூறு சதவீதம் நெரம்பி கெடக்கு. ஓரத்துல இருக்குற ஃபோன் ஏற்கனவே முழு பவர்ல கத்திட்டிருக்கும், அதால இன்னும் பத்து டெசிபல் ஏத்த முடியாது. டவர் எட்டுற தூரம் கிட்டத்தட்ட பாதியாகும், பரப்பளவு கால்வாசி.

துப்பு கெடைச்சது தற்செயலா. ஒருநாள் அந்த தெருவுல பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தியிருந்தாங்க, அந்த நேரம் பூரா கிராஃப் -105ல சமர்த்தா படுத்திருந்துச்சு, கரண்ட் வந்த நிமிஷம் மறுபடி -95. டவர் பேட்டரில ஓடுது, அப்போ சத்தம் போடுறது ஏதோ வீட்டு கரண்ட்ல ஓடுற சாமான். சிக்னல் எந்த திசைல இருந்து வருதுன்னு காட்டுற யாகி ஆன்டெனாவும், அதை அளக்குற ஸ்பெக்ட்ரம் அனலைசரும் தூக்கிட்டு மொட்டை மாடி மாடியா ஏறி திருப்பிப் பாத்தோம், கடைசில ஒரு லாட்ஜ். மூணாவது மாடில பூஸ்டர், அதாவது சிக்னலை பெருக்கி ரெண்டு பக்கமும் அனுப்புற பெட்டி, வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் பத்தடி தள்ளி. கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனா "கீ"ன்னு கத்துமே, அதேதான், ரேடியோல நடக்குறதால நம்ம காதுக்கு கேக்கல, டவருக்கு கேக்குது.

ஓனர் நல்ல மனுஷன்தான். "சார், ரூம்ல சிக்னல் இல்லன்னா கஸ்டமர் தங்க மாட்டேங்கறாங்க, காசு குடுத்து வாங்கினது, இதுல தப்பு என்ன?"ன்னார். லைசென்ஸ் உள்ள ஆபரேட்டரைத் தவிர வேற யாரும் ரிப்பீட்டர் (இந்த பூஸ்டர்தான்) வெச்சிருக்கறதே இந்தியால சட்டப்படி தப்புன்னு சொன்னேன், விக்கிறதும் தப்பு, ஆனா ஆன்லைன்ல அடிச்சா வரிசையா வருது, அப்போ அவர எப்படி திட்டுறது. அன்னிக்கு ஆபரேட்டர் மூலமா உள்ளுக்கு ஆன்டெனா போட எழுதிக் கொடுத்தோம். இன்னிக்கா இருந்தா வைஃபை காலிங் ஆன் பண்ணுங்கன்னு சொல்லியிருப்பேன், வேலை முடிஞ்சிருக்கும். 4ஜி, 5ஜில இந்த கோட் கணக்கு கெடையாது, ஆனா டவர் காதுல இப்படி கத்தினா அங்கயும் அப்லிங்க், அதாவது ஃபோன்ல இருந்து டவருக்கு போற பக்கம், படுத்துடும்.

பூஸ்டரை கழட்டினார், கிராஃப் இறங்குச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அதே செல் மறுபடி -96. யாகியை எடுத்துட்டு போனா, இந்த தடவை எதிர் வரிசை லாட்ஜ்.