பாட்டிலைக் கவிழ்த்தால் கிளிசரின் இறங்குமா?

போன தை மாதம் விருதுநகர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முதல் நாள் ராத்திரி, மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மேஜை, நாலைந்து நாற்காலிகள். மச்சான் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்தார். மூடியைத் திறந்த பீர் பாட்டிலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, அப்படியே தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்து விரலை எடுத்தார். மஞ்சளாக ஏதோ ஒன்று இழை இழையாகக் கீழே இறங்கியது.

"பாத்தியா மாப்ளே, கம்பெனிக்காரன் கலக்குற கிளிசரின் எப்படி இறங்குதுன்னு. இதை எடுக்காமக் குடிச்சா மறுநாள் தலைவலிதான்."

நான் பெங்களூரில் பீர் காய்ச்சும் வேலை பார்ப்பவன். முதல் நாலு வருஷம் பாட்டில் பீர் தொழிற்சாலையில், அதற்கப்புறம் எட்டு வருஷமாக, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் ஒரு மைக்ரோ ப்ரூவரியில். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தொட்டியில் கிளிசரினைக் கொட்டியதில்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் மச்சானிடம் வாதாடி ஜெயித்தவர் யார்? பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

நன்னாரி சர்பத் போடும்போது தண்ணீரில் பாகை ஊற்றினால் அது இழையாக அடியில் இறங்கும், பார்த்திருப்பீர்கள். பீரிலும் அதேதான் நடக்கிறது. மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. ஈஸ்ட் தின்று தீர்க்காத மால்ட் சர்க்கரை கொஞ்சம் பீரில் தங்கிவிடும். அதனால் பீர் தண்ணீரைவிட ஒரு பொட்டு கனம். கனமானது கீழே இறங்கும், தண்ணீர் மேலேறி பாட்டிலுக்குள் போகும். இரண்டும் கலக்கும் இடத்தில் வெளிச்சம் வளைவதால் எண்ணெய் மாதிரித் தெரிகிறது. கிளிசரின் பீரில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது தானாகவே உண்டாவது, லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம். ஒயினில் இதைவிட அதிகம். கரைந்திருக்கும் அது தனியாகப் பிரிந்து கீழே இறங்காது, தலைவலியும் தராது. மச்சான் செய்ததில் பாட்டிலைவிட்டுப் போனது கொஞ்சம் பீரும் கேஸும், உள்ளே வந்தது குழாய்த் தண்ணீர்.

மறுநாள் தலைவலிக்குக் காரணம் லேபிளிலேயே அச்சாகியிருந்தது. எங்கள் ப்ரூவரியில் சனிக்கிழமைகளில் பீரை ருசி பார்க்கச் சொல்லித்தரும் வகுப்பு நடத்துகிறேன்; இந்தக் கணக்கைத்தான் அதில் முதலில் போட்டுக் காட்டுவேன். 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் உள்ளே 52 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 41 கிராம். நம்மூர் பிராந்தி, விஸ்கி 42.8 சதவீதம், 30 மில்லி பெக் ஒன்றில் 10 கிராம். ஆக ஒரு ஃபுல் ஸ்ட்ராங் பீர் என்பது நாலு பெக். குவாட்டர் கணக்கில் சொன்னால் மூன்றில் இரண்டு பங்கு. "நான் ஹாட் அடிக்கிறதில்லைங்க, வெறும் பீர்தான்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பாட்டில் முடிக்கிறவர், ஒரு குவாட்டரைத் தாண்டி அடுத்ததில் இரண்டு பெக் உள்ளே போய்விட்டார். ஈரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு முடித்தவர் காலை ஏழு மணிக்கு பைக்கை எடுத்தால் அவர் ரத்தத்தில் இன்னும் போதை இருக்கலாம். சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான்.

எங்கள் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். காலை பதினோரு மணி. ஒருவருக்கு 90 மில்லி வீதம் நாலு சின்னக் கிளாஸ், அவ்வளவுதான். பாதிப் பேர் ஐடி கம்பெனித் தமிழர்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "அண்ணே, இதுல எதுல கிக் அதிகம்?" அவர்களைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பணத்தை நீட்டி வாங்கிப் பழகிய நமக்கு, கடைக்காரரிடம் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி "கூலிங் இருக்கா?" என்பதுதான். பீர் காய்ச்சும் தொட்டியை நம்மூர்க்காரர்களில் பலர் பெங்களூர் வந்துதான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார்கள். புனேயில் டூலலி என்ற மைக்ரோ ப்ரூவரி 2009இலும் இங்கே இந்திராநகரில் டாய்ட் என்பது 2010இலும் தொடங்கிய பிறகுதான், குடிக்கும் இடத்திலேயே காய்ச்சும் பழக்கம் இந்தியாவில் மெல்லப் பரவியது.

கூலிங் என்பதே ஒரு மறைப்பு. கல்லாக உறைந்த பீரில் நாக்கு மரத்துப்போகும், மூக்குக்கு எதுவும் எட்டாது. மோசமான பீரை விற்க அதைவிட நல்ல வழி இல்லை. குளிரில் புளிக்கவைக்கும் லாகருக்கு 4, 5 டிகிரி போதும், கொஞ்சம் சூட்டில் புளிக்கவைக்கும் ஏல் வகைகளுக்கு 8, 10கூட இருக்கலாம். வகுப்பில் நாலு கிளாஸையும் மேஜையில் வைத்துப் பத்து நிமிஷம் யாரையும் தொடவிட மாட்டேன். எல்லோருக்கும் என் மேல் கோபம் வரும். அப்புறம் மோந்து பார்க்கச் சொல்வேன்.

மூக்கு விஷயத்தில் நானே வாங்கிய அடி ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு முன், டிசம்பர் கடைசி வாரம். லாகர் தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்த தொட்டி இன்னும் தயாராகவில்லை. லாகரைக் குளிரில் மெதுவாகப் புளிக்கவிட்டு, கடைசியில் இரண்டு மூன்று நாள் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும். டயசிட்டில் என்று ஒன்று, வெண்ணெய் வாசம் தருவது, புளிக்கும்போது உண்டாகும். அந்த இளஞ்சூட்டில் ஈஸ்டே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நான் அந்த மூன்று நாளை ஒன்றாக்கிக் குளிரவைத்துவிட்டேன். சில்லென்று ருசி பார்த்தேன், நன்றாகவே இருந்தது. மறுநாள் காலை தொட்டி கழுவும் அக்கா, கீழே சிந்தியதைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன தம்பி, வெண்ணெய் உருக்குற வாசம் வருது?" வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவர். கொஞ்சம் எடுத்து வெந்நீரில் வைத்துச் சூடாக்கி மோந்தேன். தியேட்டர் பாப்கார்ன். பல ப்ரூவரிகளில் தொட்டியைக் குளிரவைப்பதற்கு முன் செய்யும் சோதனை அது. நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது. ஆயிரம் லிட்டர் சாக்கடைக்குப் போனது. அதிலிருந்து அக்கா மோந்து பார்க்காமல் எந்தத் தொட்டியையும் குழாயில் இணைப்பதில்லை. அவருக்கு அதற்குத் தனியாகச் சம்பளம் போடச் சொல்லி முதலாளியிடம் சண்டை போட்டதுதான் நான் செய்த உருப்படியான காரியம்.

இதில் இருக்கும் நல்ல சேதி, பீரைத் தெரிந்துகொள்ள நிறையக் குடிக்க வேண்டியதில்லை என்பது. மூக்கு போதும். கெட்டுப்போன பீரின் வாசங்களுக்கு நம் வீட்டிலேயே பெயர் இருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் பழசு, காற்று பட்டிருக்கிறது. மூன்று நாள் நீராகாரம் மாதிரியோ வினிகர் மாதிரியோ புளித்தால் பீர் வரும் குழாயைக் கழுவவில்லை. வேகவைத்த மக்காச்சோளம் என்றால் கொதி பத்தவில்லை; மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு ஒரு மணி நேரமாவது திறந்து கொதிக்க வேண்டும். பச்சை பாட்டில் பீரில் ரப்பர் எரிந்த மாதிரி ஒரு வாடை அடித்தால் வெயில் பட்டிருக்கிறது. பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் பூ ஹாப்ஸ்; வெளிச்சம் அதன் கசப்பை உடைத்துக் கந்தக வாடையாக மாற்றும். பழுப்பு நிற பாட்டில் அதைப் பெருமளவு தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. கடை வாசலில் வெயிலில் கிடக்கும் கிரேட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு ப்ரூவரிக்குப் போனால் மெனு கார்டை எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எப்போது காய்ச்சியது? குழாயைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? பதினாலு நாளுக்கு ஒரு முறையாவது காஸ்டிக் சோடா விட்டுக் கழுவ வேண்டும் என்பது தொழில் வழக்கம். முறைக்காமல் பதில் சொல்கிற இடம் பெரும்பாலும் நல்ல இடம். பதினாறு குழாய் வைத்திருக்கிற கடையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் நான் அங்கே தண்ணீர்தான் குடிப்பேன். மைக்ரோ ப்ரூவரி பீர் பெரும்பாலும் பாஸ்சரைஸ் செய்யாதது, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காதது, கறந்த பால் மாதிரி; ஓடாவிட்டால் கெட்டுவிடும். ருசி பார்க்கச் சின்னக் கிளாஸில் கேட்டால் பெரும்பாலான இடங்களில் காசு வாங்காமலே தருவார்கள், கூச்சப்பட வேண்டாம்.

நுரை பற்றியும் சொல்லியாக வேண்டும். "நுரையக் காட்டி ஏமாத்துறான்" என்று வெயிட்டரோடு சண்டைக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருமுறை செக் நாட்டுப் பில்சன் ஊருக்குப் போயிருந்தேன். 1838இல் அந்த ஊர்க்காரர்கள் பீர் மோசமாக இருக்கிறதென்று 36 பீப்பாய்களை நகர மன்றத்துக்கு முன்னால் கொட்டினார்கள். அப்புறம் ஊரே சேர்ந்து ஒரு ப்ரூவரி கட்டி, பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்பவரைக் கூட்டி வந்தது. 1842இல் அவர் காய்ச்சிய பொன்னிற லாகரின் பேரன் பேத்திகள்தான் இன்று நாம் பீர் என்று சொல்வதில் பெரும்பாலானவை. அந்த ஊரில் "ம்லீகோ" என்று கேட்டால் கிளாஸ் முழுக்க நுரையாகவே தருவார்கள். பால் என்று பொருள். காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள்! நுரை வாசத்தைப் பிடித்து வைக்கிறது, பீரில் காற்று படாமல் மூடுகிறது, கேஸைக் கொஞ்சம் வெளியேற்றி வயிறு உப்புசம் ஆகாமல் காக்கிறது. இரண்டு விரல்கடை நுரை இருப்பது மரியாதையான ஊற்றல். நுரையைப் பார்க்கிற கண், கிளாஸின் உள்பக்கத்தைப் பார்க்கட்டும். சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் அழுக்கு.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு தூக்கலான பீரைக் கேட்பவர்கள் உடனே ஒரு கதையும் சொல்வார்கள்: இந்தியாவுக்கு வரும் கப்பலில் கெட்டுப்போகாமல் இருக்கவே கண்டுபிடித்தது என்று. கிழக்கு லண்டனில் 'போ' (Bow) என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ப்ரூவரி இருந்ததும், பக்கத்துத் துறையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கேப்டன்கள் அவர் பீரை வாங்கிக் கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் விற்றதும் உண்மை. ஆனால் போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பலில்தான் வந்தது, நன்றாகவே வந்து சேர்ந்தது. அதற்கு யாரும் கதை கட்டவில்லை, பாவம்.

வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து கேட்பார்கள்: "அண்ணே, கிட்னில கல்லு, பீர் குடிச்சாக் கரையுமாமே?" கரையாது. பீர் சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும், தண்ணீரும் வைக்கும். பீரில் இருக்கும் ப்யூரின் என்ற பொருள் யூரிக் அமிலத்தை வேறு ஏற்றும். அந்த அமிலத்தாலேயே உண்டாகும் கல்லும் உண்டு. டாக்டரிடம் போங்கள் என்று அனுப்பிவிடுவேன். ஒல்லியான பையன்களை "பீர் குடிடா, உடம்பு வைக்கும்" என்று பழக்கிவிடும் சித்தப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். வைப்பது தொப்பை. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: பீர் உட்பட எல்லா மதுபானமும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. கைவினை பீர் என்றதும் அந்தக் கணக்கு மாறிவிடாது. இந்தத் தொழிலில் சோறு தின்பவன் சொல்வதால் கொஞ்சம் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். குடிக்காதவர்கள் வகுப்புக்கு வந்தால் மால்ட்டையும் ஹாப்ஸையும் கையில் கொடுத்து மோந்துவிட்டுப் போகச் சொல்வேன். அவர்கள்தான் நிறையக் கேள்வி கேட்பார்கள்.

ஆடியில் மச்சான் பெங்களூர் வந்தார். பந்தல் கான்ட்ராக்டர், முகூர்த்தம் இல்லாததால் கை சும்மா இருந்தது. சனிக்கிழமை வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். மூன்றாவது கிளாஸ் ஜெர்மன் பாணிக் கோதுமை பீர். மோந்தவர் நிமிர்ந்து, "என்ன மாப்ளே, வாழைப்பழ எசன்ஸ் ஊத்திருக்க?" என்றார். மூக்கு பிரமாதம். ஊற்றவில்லை, அந்த ஈஸ்ட் தானாகவே உண்டாக்குவது. பழுத்த வாழைப்பழத்தில் இருக்கும் அதே ஐசோஅமைல் அசிடேட்தான் என்று சொல்லி ஈஸ்ட் ஜாடியைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எல்லோரும் போன பிறகு திரும்பிப் பார்த்தால், மச்சான் ஒரு டம்ளர் தண்ணீரில் அந்தக் கோதுமை பீரை ஸ்பூனால் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். இழை இழையாக இறங்கியது.

"உன் கம்பெனிலயும் போடுறாய்ங்களா மாப்ளே?"

அடுத்த முறை வரும்போது ஊரிலிருந்து நன்னாரிப் பாகு ஒரு பாட்டில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.