பின்னாடி இன்ஜின், முன்னாடி கூலர்: பழைய 911ல ஆயில் லைன் மாட்டுற கதை

பழைய ஏர்-கூல்டு போர்ஷே 911 ஒண்ணோட வலது பக்க முன் மட்கார்டுக்குள்ள கைய விட்டுப் பாத்தா ஒரு ஆயில் கூலர் தட்டுப்படும், ஆனா இன்ஜின் இருக்கறதோ காரோட வால்ல, பின் சக்கரத்துக்கும் பின்னாடி. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல மட்டுமே 2.27 மீட்டர் தூரம். சூடான ஆயில் அவ்ளோ தூரம் முன்னாடி போயி, ஆறிட்டு, அதே தூரம் திரும்பி வரணும், அதுக்காக கதவுக்குக் கீழ காரோட ஓரத்த ஒட்டி ரெண்டு குழாய் ஓடுது, இதத்தான் ஆயில் லைன்னு சொல்றோம். நிறைய பேரு பெரிய கூலர் வாங்க காச செலவு பண்ணிட்டு இந்தக் குழாய்ங்கள ஏதோ கயிறு மாதிரி நெனச்சி மாட்டிடுறாங்க, என்னக் கேட்டா வேலையோட உசுரே அந்தக் குழாய்லதான் இருக்கு. ஏன்னு சொல்றேன்.

1963ல ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில இந்தக் கார காட்டினாங்க, அப்ப அதுக்குப் பேரு 901, நடுவுல சைபர் வர்ற நம்பர் எங்களோடதுன்னு பியூஜோ கம்பெனி சொன்னதால 911 ஆச்சு. அதுல இருந்து 1998ல கடைசி ஏர்-கூல்டு வண்டி வெளிய வர்ற வரைக்கும் இந்த இன்ஜின்ல தண்ணி ரேடியேட்டர்னு ஒண்ணு கெடையாது. ஒரு பெரிய ஃபேன் சிலிண்டருங்க மேல காத்த அடிக்கும், அவ்ளோதான். ஆனா காத்து வெளிப்பக்கத்தத்தான் தொட முடியும். பிஸ்டனோட அடிப்பக்கம், கிராங்க் பேரிங், கேம் ஷாஃப்ட் இதுக்கெல்லாம் காத்து எங்க போகும்? அங்க சூட்ட அள்ளிட்டு வர்றது ஆயில்தான். அதனால ஏர்-கூல்டுன்னு பேரு இருந்தாலும் இது பாதி ஆயில்-கூல்டு இன்ஜின்னு சொன்னா தப்பே இல்ல. டேஷ்போர்டுல நம்ம கார்ல தண்ணி சூட்டுக்கு ஒரு முள்ளு இருக்குமே, 911ல அந்த முள்ளு காட்டுறது ஆயிலோட சூட்டத்தான்.

ஆரம்பத்துல இன்ஜின் மேலயே ஒட்டி இருந்த சின்ன கூலர் போதுமா இருந்துச்சு. பவர் ஏற ஏற அது பத்தல. 1969 மாடல் 911 எஸ்-ல முன் மட்கார்டுக்குள்ள ரெண்டாவதா ஒரு கூலர் வெச்சாங்க. அதுக்கப்புறம் சில மாடல்கள்ல கூலருக்குப் பதிலா வெறும் வளைச்ச குழாய் ஒண்ணு வந்துச்சு, ட்ராம்போன் வாத்தியம் மாதிரி வளைஞ்சிருக்கறதால அதுக்கு ட்ராம்போன் கூலர்னே பேரு. அதெல்லாம் சும்மா பேருக்குத்தான், நின்னு நின்னு போற டிராஃபிக்ல அதால ஒண்ணும் பண்ண முடியாது. இதோட கஷ்டம் நல்லா தெரிஞ்சது 1974ல இருந்து 1977 வரைக்கும் வந்த 2.7 லிட்டர் இன்ஜின்லதான். இன்ஜினோட கூடு (கேஸ்) மெக்னீசியம், அதுல சிலிண்டருங்கள இறுக்கிப் புடிக்கற நீளமான இரும்பு போல்ட்டு (ஸ்டட்), அமெரிக்கா போன வண்டிங்கள்ல புகைய எரிக்கறதுக்குன்னு தெர்மல் ரியாக்டர் வேற வெச்சு சூட்ட இன்னும் ஏத்தி விட்டாங்க. சூடாக சூடாக ஸ்டட் புடிச்சிருந்த மரை கேஸ்ல இருந்து பிடுங்கிட்டு வந்துடும். இன்னைக்கும் இந்த வண்டி வெச்சிருக்கறவங்க மொதல்ல செய்யற வேலைகள்ல ஒண்ணு முன்னாடி ஒரு நல்ல கூலரும் அதுக்கு லைனும் போடறது.

இதுல ஆயில் போற வழிய ஒரு தடவ மனசுல ஓட்டிப் பாத்துடுங்க, அப்பதான் எந்த லைன் எதுக்குன்னு புரியும். நம்ம சாதாரண கார்ல ஆயில் இன்ஜினுக்கு அடியில இருக்கற சம்ப்லயே தேங்கி இருக்கும். 911ல அப்படி இல்ல, டிரை சம்ப். ஒரே ஷாஃப்ட்ல ரெண்டு பம்பு. ஒண்ணு அடியில விழற ஆயில உறிஞ்சி வெளிய தள்ளும், இன்னொண்ணு வலது பின் மட்கார்டுக்குள்ள இருக்கற டேங்க்ல இருந்து எடுத்து இன்ஜினுக்குக் குடுக்கும். முன் கூலர் இருக்கறது அந்த மொத பம்போட வழியில, அதாவது இன்ஜின விட்டு வெளிய வந்த சூடான ஆயில் டேங்குக்குப் போற வழியில ஒரு சுத்து சுத்திட்டு வருது. மொத்தமா 911லயே ஒரு மாடலான கேரேரா 3.2 மாதிரி வண்டியில ஏறக்குறைய 13 லிட்டர் ஆயில் இருக்கும், நம்மூரு சின்ன கார்ல மூணரை நாலு லிட்டர்தான்னு நெனச்சிப் பாருங்க. (டேங்க் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 1972 மாடல்ல மட்டும் டேங்க பின் சக்கரத்துக்கு முன்னாடி கொண்டு வந்து வெளிய ஒரு மூடியும் வெச்சாங்க, பங்க்ல இருக்கறவங்க அத பெட்ரோல் மூடின்னு நெனச்சி பெட்ரோல ஊத்திட்டாங்கன்னுதான் பரவலா சொல்லுவாங்க, அடுத்த வருஷமே அந்த மூடி காணாமப் போச்சு.)

கூலர் செய்யற வேலை டீ ஆத்துற மாதிரிதான். டீ மாஸ்டர் டீய உயரத்துல இருந்து மெல்லிசா நீட்டி ஊத்துறாரு, காத்து படற பரப்பு அதிகமாகுது, சூடு எறங்குது. கூலருக்குள்ளயும் ஆயில் மெல்லிசான பாதைகள்ல பரவிப் போகும், வெளியில தகடு தகடா இருக்கற அலுமினியத்துல காத்து படும். எவ்ளோ சூடு எறங்கும்னு ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். நிமிஷத்துக்கு 30 லிட்டர் ஆயில் ஓடுது, கூலருக்குள்ள 20 டிகிரி கொறையுதுன்னு வெச்சுக்குங்க. சூடான ஆயில் லிட்டருக்கு 830 கிராம் கிட்ட இருக்கும், ஒரு கிலோ ஆயில ஒரு டிகிரி கொறைக்க 2.2 கிலோஜூல் எடுக்கணும். பெருக்கிப் பாத்தா 18 கிலோவாட் வருது. வீட்டு பாத்ரூம்ல இருக்கற 2 கிலோவாட் கீசர் ஒன்பது ஒரே நேரத்துல ஓடற அளவு சூடு! அது மட்கார்டு வழியா காத்துல போய்ட்டிருக்கு.

ஆனா எப்பவும் ஆத்திக்கிட்டே இருந்தாலும் கெட்டது. ஆயில் சரியா சூடாகலேன்னா அதுல சேர்ற தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாம உள்ளயே தங்கிடும். அதுக்குத்தான் வலது பின் சக்கரத்துக்கு முன்னாடி ஒரு தெர்மோஸ்டாட். சுமார் 83 டிகிரி வர்ற வரைக்கும் ஆயில முன்னாடி விடாது, நேரா டேங்குக்கே அனுப்பிடும். அந்த சூடு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா வழிய திறக்கும்.

இப்ப குழாயோட அகலத்துக்கு வருவோம். விளக்கெண்ணெய கரண்டியில எடுத்து ஊத்திப் பாத்திருப்பீங்க, கம்பி மாதிரி மெதுவா எறங்கும், அதையே அடுப்புல காட்டி ஊத்தினா தண்ணி மாதிரி ஓடும். இந்த இன்ஜின்ல ஊத்துற 20W-50ங்கற கெட்டி ரக ஆயிலும் அப்படித்தான், 40 டிகிரியில இருக்கற கெட்டி 100 டிகிரிக்கு வர்றப்ப ஏழு எட்டு மடங்கு கொறஞ்சிடும். இப்படி கெட்டியான திரவம் குழாய்க்குள்ள சுழிக்காம அடுக்கு அடுக்கா வழுக்கிட்டுப் போகும், அப்படிப் போறப்ப குழாய் விட்டம் கொறைஞ்சா எதிர்ப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். சொல்றது சின்னதா தெரியும். 16 மில்லிமீட்டர் உள்விட்டம் வேண்டிய எடத்துல 12.7 போட்டா பாக்க அதே குழாய் மாதிரிதான் இருக்கும், ஆனா பம்பு தள்ள வேண்டிய அழுத்தம் ரெண்டரை மடங்கு ஆயிடுது, அதுவும் ரெண்டு பக்கமும் சேத்து நாலஞ்சு மீட்டர் நீளத்துக்கு. ஓரத்துல மடக்குற ஒவ்வொரு கூர்மையான வளைவும் இதுக்கு மேல ஒரு சுமை. வெளியில அழகா தெரியறதுக்காக குறுகலா ஒரு ஓஸ் போடாதீங்க, தயவுசெஞ்சு.

எந்த ஓஸுங்கறதும் முக்கியம். ரேடியேட்டர் ஓஸ் ஒண்ணு கையில இருக்கு, அதையே வெட்டிப் போட்டுடலாம்னு நெனச்சா அது பெரிய தப்பு. தண்ணி ஓஸு செய்யற ரப்பர் தண்ணியோட நல்லா ஒத்துப்போகும், ஆனா ஆயில ஸ்பாஞ்சு மாதிரி குடிச்சி ஊதிப்போகும், கொஞ்ச நாள்ல கொழகொழன்னு ஆயி கிளாம்ப்ல இருந்து நழுவிடும். ஆயிலுக்குன்னு செஞ்ச ரப்பர் வேற, டெஃப்ளான் உள்பூச்சு ஓஸ் 200 டிகிரிக்கு மேலயும் தாங்கும். காருக்கு அடியில ஓடற நீளமான பகுதிக்கு மட்டும் உலோகக் குழாய்தான் நல்லது, ஏன்னா உலோகம் போற வழியிலயே சூட்ட வெளிய விடும், ரப்பர் போர்வை போத்தின மாதிரி உள்ளயே வெச்சிருக்கும். ஆனா இன்ஜினுக்குப் பக்கத்துல உலோகத்த நீட்டி மாட்டிடக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல ஆடிக்கிட்டே இருக்கும், பாடி ஆடாது, ரெண்டுக்கும் நடுவுல வளையற ஓஸ் இல்லேன்னா குழாய் கொஞ்ச நாள்ல விரிசல் விட்டுடும்.

கழட்டுற வேலைதான் மாட்டுறத விட கஷ்டம். தெர்மோஸ்டாட் அலுமினியம், லைனோட நட்டு இரும்பு, ரெண்டும் வருஷக்கணக்கா மழைத்தண்ணியும், பனி நாடுகள்ல ரோட்டுல தூவற உப்பும் பட்டு ஒண்ணோட ஒண்ணு இறுகிப் போயிருக்கும். 30 மில்லிமீட்டர் மரை, 36 ஸ்பானர் வேணும். ஒரே ஸ்பானர போட்டு பலம் குடுத்தா நட்டு அசையாது, பின்னாடி இருக்கற குழாய் முறுக்கிக்கும், இல்லேன்னா தெர்மோஸ்டாட்ல இருக்கற மரை உரிஞ்சிட்டு வந்துடும். எப்பவும் ரெண்டு ஸ்பானர், ஒண்ணு புடிக்க ஒண்ணு திருப்ப. ராத்திரியே ஊறவைக்கற ஆயில அடிச்சி விட்டு காலையில நட்ட சூடு காட்டித் திருப்புங்க. அப்பவும் வரலேன்னா நட்ட நீளவாக்குல வெட்டி எடுத்துடுங்க, எப்படியும் பழைய லைன் போகப் போகுது, தெர்மோஸ்டாட்டக் காப்பாத்தினா போதும்.

மாட்டுறப்ப மரையில டெஃப்ளான் டேப் சுத்தறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். இந்த ஜாயிண்ட்ல மரை வெறும் இழுத்துப் புடிக்கத்தான், ஆயில அடைக்கறது முனையில இருக்கற கூம்பு வடிவ முகம். டேப் அங்க ஒண்ணும் பண்ணாது, பிஞ்ச துணுக்கு உள்ள போனா அது வேற தொல்லை. மரையில மட்டும் கொஞ்சம் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் போகாம இருக்கத் தடவற பசை) தடவுங்க, கூம்பு சுத்தமா கீறல் இல்லாம இருக்கணும். எல்லா ஜாயிண்டையும் மொதல்ல கையாலயே திருப்பி விட்டுட்டு, குழாய்ங்க தானா ஒரு நெலைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் ஸ்பானர் போடணும். ஒண்ண முழுசா டைட் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போனா கடைசி ஜாயிண்ட் எட்டாது, இழுத்து மாட்டுவோம், அந்த ஜாயிண்ட்தான் அப்புறமா ஒழுகும்.

ஓஸ் வெட்டினா உள்ள தூள் நிக்கும், கழுவி காத்தடிச்சி எடுங்க. ஸ்டீல் பின்னல் போட்ட ஓஸ் பாக்க முரட்டுத்தனமா இருக்கும், ஆனா அது ஒரு அரம், ஆடற எடத்துல எது மேல ஒரசினாலும் அத அறுத்துடும், பிரேக் லைனா இருந்தாலும் சரி, பெயிண்ட்டா இருந்தாலும் சரி. ரப்பர் வெச்ச கிளாம்ப், தகடு வழியா போற எடத்துல ரப்பர் வளையம், இதுல கஞ்சத்தனம் வேணாம். முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சிப் பாத்து டயரு ஓஸ தொடலைன்னு உறுதி பண்ணிக்குங்க.

ஆயில ஊத்தினதும் உடனே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. இக்னிஷன் கனெக்‌ஷன கழட்டிட்டு ஸ்டார்ட்டர மட்டும் விட்டு விட்டு சுத்தி, முள்ளுல ஆயில் பிரஷர் ஏறட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி சூடாக விடுங்க. இங்கதான் பலர் ஏமாறுவாங்க: தெர்மோஸ்டாட் திறக்கற வரைக்கும் புது லைனும் கூலரும் காலியாத்தான் இருக்கும், அதனால ஆறின வண்டியில பாத்த அளவ நம்பவே கூடாது. சமதரையில நிறுத்தி, இன்ஜின் நல்லா சூடாகி ஐடில்ல (ஆக்சிலரேட்டர் குடுக்காம) ஓடிட்டிருக்கறப்பத்தான் 911ல டிப்ஸ்டிக், அதான் ஆயில் அளவு காட்டுற கம்பிய, பாக்கணும். முன் மட்கார்டுல கூலருக்குப் போற குழாய லேசா தொட்டுப் பாத்தா தெரிஞ்சிடும், சுட்டா தெர்மோஸ்டாட் திறந்திடுச்சு, கூலர் நெறைஞ்சிட்டிருக்கு. அப்ப அளவு எறங்கும், கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஈடு கட்டுங்க.

நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கு அடியிலயும் வெள்ளைத்தாள் ஒண்ண ஒத்தி எடுத்துப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத கசிவு அதுல மஞ்சளா விழும்.