ஆல்தோவுக்குப் பிறகு பட் ஏன் வரக்கூடாது?

"ஆல்தோ இட் வோஸ் ரெய்னிங், பட் தே வென்ட் டு வர்க்." மலையகப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். ஆசிரியர் 'பட்'டைச் சிவப்பால் வெட்டிவிட்டு அடுத்த கொப்பியை எடுப்பார். அதே பிள்ளை "ஆல்தோ இட் வோஸ் ரெய்னிங், தே ஸ்டில் வென்ட் டு வர்க்" என்று எழுதியிருந்தால் சரி போட்டிருப்பார். மழையையும் மீறி வேலைக்குப் போனார்கள் என்பதைத்தான் 'பட்'டும் சொல்கிறது, 'ஸ்டில்'லும் சொல்கிறது. பிறகு ஏன் ஒன்று கூடாது, மற்றது கூடும்? இதை விதிவிலக்கு என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

பதுளைக்குப் போகும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளைக் கோத்து வைத்திருப்பது கொக்கி. அது பெட்டியின் நுனியில்தான் இருக்க முடியும். உள்ளே இருக்கும் பயணியோ முன் இருக்கையிலும் உட்காரலாம், நடுவிலும் உட்காரலாம், கடைசிக்கும் போகலாம். ஆங்கிலத்தில் 'அன்ட்', 'பட்', 'ஆல்தோ', 'பிகோஸ்', 'இஃப்' போன்ற இணைப்புச் சொற்கள் கொக்கிகள். 'ஸ்டில்', 'தென்', 'ஹவெவர்', 'தெயர்ஃபோர்' போன்ற வினையடைகள் பயணிகள். 'ஹவெவர்' வாக்கியத்தின் தலையிலும் வரும், நடுவிலும் வரும், முடிவிலும் வரும். 'பட்'டை அப்படி நகர்த்தி எழுதிப் பாருங்கள், வாக்கியம் உடைந்துவிடும். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் நகர்த்திப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கொக்கி போதும். 'ஆல்தோ' முன்னாலேயே கோத்துவிட்டது, அதனால் 'பட்'டுக்கு அங்கே வேலை இல்லை. பயணிக்கு அந்தத் தடை கிடையாது. 'அன்ட் தென்', 'பட் ஸ்டில்', 'அன்ட் தெயர்ஃபோர்' எல்லாம் இயல்பாக ஓடுவதும், 'அன்ட் பட்' ஓடாததும் இதனால்தான்.

'யெட்', 'சோ' இரண்டையும் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் 'பட்'டோடு சேர்த்து ஒரே பட்டியலில் போட்டுவிடும். ஆனால் 'அன்ட் யெட்', 'அன்ட் சோ' என்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் தாராளமாகச் சொல்கிறார்கள். முழுக் கொக்கியாக இருந்தால் பக்கத்தில் 'அன்ட்' வர விடுமா? இவை வினையடையாக இருந்து இணைப்புச் சொல்லாக மாறும் பாதையில் நிற்கின்றன. 'நொட் யெட்' என்று சொல்லும்போது 'யெட்' இன்றைக்கும் பழைய வினையடைதான். 'பட்'டும் ஒரு காலத்தில் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் அது 'வெளியே' என்று இடத்தைக் குறித்த சொல். சொற்கள் இப்படி நூற்றாண்டுக் கணக்கில் ஊர்ந்து இடம் மாறுகின்றன. பட்டியல்கள் அதைக் காட்டுவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 'அன்ட்', 'பட்' இரண்டும் வினையடையைத் தமக்குப் பின்னால் ஏற்கும்: 'அன்ட் தென்'. 'இஃப்', 'பிகோஸ்', 'வென்', 'பிஃபோர்' போன்றவையோ தமக்கு முன்னாலும் ஏற்கும்: 'ஒன்லி இஃப்', 'ஈவன் இஃப்', 'ஜஸ்ட் பிஃபோர்', 'சூன் ஆஃப்டர்'. 'பிஃபோர்' என்று தொடங்கும் துண்டு முழுவதும் சேர்ந்து ஒரு நேரத்தைச் சொல்கிறது. 'ஜஸ்ட் பிஃபோர் சிக்ஸ்' என்றால் ஆறு மணிக்குச் சற்று முன். 'ஜஸ்ட் பிஃபோர் த ரெயின் ஸ்டார்ட்டட்' என்றால் மழை தொடங்கச் சற்று முன். மணிக்கு முன்னால் வரும் 'ஜஸ்ட்'தான் மழைக்கு முன்னாலும் வருகிறது. டென்மார்க் மொழியியலாளர் ஒட்டோ யெஸ்பர்சன் 1924இலேயே இதைக் கவனித்து, இந்த இரண்டு 'பிஃபோர்'களையும் வேறு வேறு சொல் வகைகளாகப் பிரிப்பது தேவையில்லை என்று வாதிட்டார். 'பட்' தொடங்கும் துண்டில் அளக்கவோ குறுக்கவோ நேரமும் இல்லை, நிபந்தனையும் இல்லை. ஆகவே 'ஜஸ்ட் பட்' என்று யாரும் சொல்வதில்லை.

இதே ஏற்பாடு தமிழிலும் இருக்கிறது, திசைதான் வேறு. நம் கொக்கி வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது: பெய்தால், பெய்ததால், பெய்தாலும், பெய்தபோது. அதைக் குறுக்கும் 'தான்', 'மட்டும்', விரிக்கும் 'கூட' எல்லாம் அந்த வாலுக்குப் பின்னால் ஒட்டும். "மழ பேஞ்சாத்தான் கொழுந்து வரும்" என்று தோட்டத்தில் சொல்வதில் 'பேஞ்சா'வின் வால் 'இஃப்', 'தான்' என்பது 'ஒன்லி'. சிங்களத்திலும் வால்தான்: நாம் 'போனாலும்' என்பதை அவர்கள் 'கியத்' என்கிறார்கள்.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "மழை பெய்தாலும், வேலைக்குப் போனார்கள்" என்று நாம் சொல்லும்போது முரணைக் காட்டும் 'ஆலும்' முதல் துண்டின் கடைசியில், காற்புள்ளிக்குப் பக்கத்தில் விழுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, வேலையை 'ஆல்தோ' தொடக்கத்திலேயே முடித்துவிட்டது. பிள்ளையின் காது அந்த வெற்றிடத்தில் எதையோ எதிர்பார்க்கிறது, கைக்கு முதலில் அகப்படுவது 'பட்'. இது கவனக்குறைவு இல்லை. தன் மொழியை நன்றாக அறிந்த மூளை செய்யும் வேலை. வெட்டுவதற்கு முன் கொக்கி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை காட்டினால் போதும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "அம்மா எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் விட்டு, கொழுந்து பறிக்கப் போனார்" என்பதில் முற்றுவினை ஒன்றுதான், 'போனார்'. மற்றவை எல்லாம் வினையெச்சங்கள், தாமாகவே கோத்துக்கொள்ளும். இதை ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை நான்கு முழு வாக்கியங்களை எழுதி, காற்புள்ளி போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'தென்' வைக்கும். 'தென்' பயணிதான், கோக்காது. எழுத்து ஆங்கிலத்தில் அங்கே முற்றுப்புள்ளி வைக்க வேண்டும், அல்லது கடைசி 'தென்'னுக்கு முன்னால் ஓர் 'அன்ட்' சேர்க்க வேண்டும்: "மதர் கொட் அப், மேட் ரொட்டி, லெஃப்ட் த பேபி அட் த க்ரெஷ், அன்ட் தென் வென்ட் டு பிளக் டீ." எழுவாய் ஒருமுறை வந்தால் போதும், இடையில் வந்த 'தென்'களும் தேவையில்லை.