லித்துர்ஜி: ஆராதனையா, தொண்டா?

ஞாயிறு வழிபாட்டின் முறைமையை 'லித்துர்ஜி' என்கிறோம். கத்தோலிக்கர் இதைத் 'திருவழிபாடு' என்பார்கள், சீர்திருத்தச் சபைகளில் 'ஆராதனை' என்ற சொல்தான் அதிகம் புழங்கும். இரண்டுமே நல்ல சொற்கள். ஆனால் மூலச்சொல்லின் பாதிப் பொருள் இரண்டிலும் வெளியே தெரிவதில்லை. அந்தப் பாதிதான் முக்கியமானது என்பது என் எண்ணம்.

மூலம் 'லெய்த்தூர்கியா' என்ற கிரேக்கச் சொல். மக்களைக் குறிக்கும் 'லாவோஸ்', வேலையைக் குறிக்கும் 'எர்கோன்' ஆகிய இரண்டின் வேர்களும் இதில் உண்டு. 'மக்கள் சேர்ந்து செய்யும் வேலை' என்று பலர் விளக்குகிறார்கள். பழைய வழக்கைப் பார்த்தால் 'மக்களுக்காகச் செய்யும் வேலை' என்பதே பொருத்தம். பழைய ஏதென்ஸில் வசதியுள்ள குடிமகன் ஒரு போர்க்கப்பலை ஓராண்டுக்குத் தன் பொறுப்பில் பராமரிப்பான், அல்லது திருவிழாப் பாடற்குழுவின் செலவை ஏற்பான். அதற்குப் பெயர் லெய்த்தூர்கியா. தன் கைப்பணத்தில் ஊருக்குச் செய்யும் பணி அது.

பிறகு எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், ஆலயத்தில் குருக்கள் செய்யும் பணிக்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாட்டில் இரண்டு பொருளும் ஒன்றாக நடமாடுகின்றன. அப்போஸ்தலர் 13:2-இல் அந்தியோகியாச் சபையார் 'கர்த்தருக்கு ஆராதனை செய்து' உபவாசித்தார்கள் என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்கிறது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது இச்சொல்லின் வினை வடிவம். அப்புறம் 2 கொரிந்தியர் 9:12-க்கு வாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காக ஆதிச் சபைகளின் போதகரான பவுல் திரட்டிய பணத்தைப் பற்றிய இடம் அது. அங்கேயும் லெய்த்தூர்கியாதான்! தமிழில் அது 'தர்மசகாயமாகிய பணிவிடை' என்ற தொடருக்குள் போய்விடுகிறது. ஒரே சொல், ஓரிடத்தில் ஆராதனை, இன்னோரிடத்தில் தர்மம். தமிழில் மட்டும் படிப்பவருக்கு இந்த உறவு கண்ணில் படாது. பவுலுக்கு அந்தக் காணிக்கைப் பணமும் வழிபாடுதான்.

இது சொல் விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தின், கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று என்ன செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். மறைநூல் வாசிக்கிறார்கள், தலைவர் அறிவுரை சொல்கிறார், எல்லாரும் எழுந்து நின்று மன்றாடுகிறார்கள், அப்பமும் திராட்சை இரசமும் பகிரப்படுகின்றன. வர முடியாதவர்களுக்கு அவர்கள் பங்கைச் சபையின் உதவிப் பணியாளர்களான திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வசதியும் மனமும் உள்ளவர்கள் பணம் தருகிறார்கள். தலைவர் அதை வைத்து அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்போர், வெளியூரிலிருந்து வந்தோர் ஆகியோரைப் பார்த்துக்கொள்கிறார். வழிபாடு முடிந்த பிறகு தனியாகச் செய்த சமூக சேவையாக அவர் இதைச் சொல்லவில்லை; ஞாயிறு கூட்டத்தைப் பற்றிய அதே விவரிப்பில்தான் இதையும் எழுதுகிறார்.

வழிபாட்டுக்குள் இந்தப் பயிற்சி சின்னச் சின்ன இடங்களில் இருக்கிறது. ஆண்டவர் கற்பித்த செபத்தில் 'என்' என்ற சொல்லே கிடையாது. கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகச் செபித்தாலும் 'எங்கள்' உணவைத்தான் கேட்க வேண்டும். பசியோடிருக்கும் இன்னொருவரை விட்டுவிட்டு அந்த வரியைச் சொல்லவே வழியில்லை. சமாதான வாழ்த்தும் அப்படித்தான். கத்தோலிக்கரின் ஞாயிறு வழிபாடான திருப்பலியில் அது நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன்பு வருகிறது. பீடத்தை நோக்கி நின்றவர் பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பிக் கைகூப்புகிறார். அவர் மனத்தாங்கல் உள்ள ஒருவராக இருந்தால் அந்த ஒரு நொடி எவ்வளவு கனமானது என்பது அனுபவித்தவருக்குத் தெரியும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொன்னதன் செய்முறை அது.

இது தவறிப்போன இடத்தையும் பவுல் மறைக்கவில்லை. கொரிந்துச் சபையில் சிலர் முந்திக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே இல்லை என்று கடிந்துகொண்டார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான் அவர் சொன்ன திருத்தம்.

சரி, தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? 'ஆராதனை' வடமொழிச் சொல். இறைவனை மகிழ்விப்பது என்ற ஒரு திசையோடு அது நின்றுவிடுகிறது. 'வழிபாடு' நம் மொழியிலேயே பழையது. தொல்காப்பியச் செய்யுளியலில் 'வழிபடு தெய்வம்' இருக்கிறது. வழிபடுதல் என்றால் ஒருவர் வழியைப் பின்பற்றி ஒழுகுதல் என்றும் பொருள். கும்பிடுவதோடு நடக்கவும் சொல்லும் சொல் என்பதால் நிகழ்வின் பெயருக்குத் 'திருவழிபாடு' என்பதையே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் லெய்த்தூர்கியாவின் முழுப் பொருளையும் தாங்கும் சொல் 'தொண்டு' என்றுதான் தோன்றுகிறது. இறைவனுக்குச் செய்தாலும் தொண்டு, இல்லாதவருக்குச் செய்தாலும் தொண்டு. அப்பத்தை வீட்டோடு கிடப்பவரிடம் கொண்டுபோகிறவருக்குத் தமிழ்த் திருச்சபை 'திருத்தொண்டர்' என்றே பெயர் வைத்திருக்கிறது. லித்துர்ஜியை விளக்கும் இடங்களில் 'திருவழிபாடு' என்று எழுதி, பக்கத்திலேயே 'இறைவனுக்கும் மக்களுக்குமான தொண்டு' என்றும் சேர்த்து எழுதலாம்.