பாலடின்: அரண்மனை ஆளுக்குத் தமிழில் என்ன பேர்?

நங்கநல்லூரில் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். ஒரு பாய், கட்டம் போட்ட சார்ட் அட்டை, அது காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் தண்ணீர் பாட்டில். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போகும்போது கதையை நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கூட்டத்துக்குப் புதிதாக வந்த கல்லூரித் தம்பி ஒருவன் முதல் நாளே, "அண்ணா, நான் பாலடின் எடுத்துக்கறேன்" என்றான். வெங்காய பஜ்ஜித் தட்டோடு மாடியேறி வந்த நண்பனின் அம்மா காதில் அது விழுந்தது.

"பாலாடையா? எந்தக் குழந்தைக்குடா?"

அன்றிலிருந்து எங்கள் ஆட்டத்தில் அந்தப் பாத்திரத்துக்குப் பாலாடை என்றே பெயர் நிலைத்துவிட்டது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குவைத்த கிண்ணத்துக்கும் இரும்புக் கவசம் போட்ட வீரனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் அம்மா அடுத்துக் கேட்டது நியாயமான கேள்வி: "சரி, அப்போ அதுக்குத் தமிழ்ல என்ன?" ஒருவன் மட்டும் "புனித வீரர்" என்று முனகினான். அப்போதே எனக்கு அது உறுத்தியது.

விளையாடிப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் ஒருவர் கதை சொல்வார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள்; ஜெயிப்பதா தோற்பதா என்பதைப் பகடை சொல்லும். பாலடின் என்பவன் பாதி போர்வீரன், பாதி சாமியருள் பெற்றவன். வாளும் பிடிப்பான், கை வைத்துக் காயமும் ஆற்றுவான்.

இனி சொல்லின் ஊருக்குப் போவோம். ரோம் நகரத்தின் ஏழு குன்றுகளில் ஒன்று பாலத்தைன் குன்று. லத்தீனில் பாலாத்தியம். பேரரசர் அகஸ்டஸ் அங்கே வசித்தார். பின்னால் வந்த பேரரசர்களும் அங்கேயே மாளிகை எழுப்பினார்கள். கொஞ்சகாலத்தில் குன்றின் பெயரே மாளிகைக்கு ஆகிவந்தது. ஆங்கிலத்தின் பேலஸ், இத்தாலியின் பலாஸ்ஸோ எல்லாம் இந்தக் குன்றிலிருந்து இறங்கி வந்தவை. ஜெர்மனியில் ஒரு மாநிலத்தின் பெயரில் இருக்கும் ஃபால்ஸ் என்பதும் அதே சொல்தான். மாளிகையைச் சேர்ந்தவன் பாலத்தீனுஸ். அதாவது அரண்மனை ஆள், அரசனுக்குப் பக்கத்தில் நிற்பவன். அவ்வளவுதான். அதில் புனிதமும் இல்லை, பக்தியும் இல்லை.

அந்த அரண்மனை ஆள் வாளெடுத்துக் கதைக்குள் நுழைந்தது பிராங்கிய மன்னர் சார்லமேன் காலத்தை ஒட்டி. 778ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவருடைய படையின் பின்பகுதியை ரோன்செவோ கணவாயில் பாஸ்க் மக்கள் மடக்கி அடித்தார்கள். செத்தவர்களில் ரோலண்ட் என்ற அதிகாரி ஒருவர். முந்நூறு வருஷம் கழித்து அந்தச் சின்னச் சண்டை பெரிய பாட்டாகிவிட்டது. பாஸ்க் மக்கள் போய் முஸ்லிம் படை வந்தது. ரோலண்டோடு சேர்த்து மன்னருக்குப் பன்னிரண்டு தோழர்கள் முளைத்தார்கள். இந்தப் பன்னிருவர்தான் பிற்பாடு இத்தாலியக் கதைப்பாட்டுகளில் பலதீனோ ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் பாலடினாக வந்து சேர்ந்தார்கள். மதத்துக்கான போர் என்று கதை மாறியதும் வீரன் மேலும் ஒரு தெய்வ வெளிச்சம் விழுந்துவிட்டது.

இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. கோயில் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கோ, இல். அரசனுடைய வீடு. கண்ணகி நீதி கேட்டுப் போகும் இடத்தை இளங்கோவடிகள் 'கோயில் மன்னனைக் குறுகினள் சென்றுழி' என்கிறார். அங்கே கோயில் என்றால் பாண்டியன் அரண்மனை. மூலவரும் கிடையாது, பிரகாரமும் கிடையாது. அப்புறம் அரசன் வெளியேற, சாமி குடிவந்துவிட்டது. அங்கே அரண்மனை ஆளுக்கு நடந்தது இங்கே அரண்மனைக்கே நடந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதானால் பாலடினைக் கோயிலார் என்று சொல்லிவிடலாம். கேட்பவர்கள் பிரசாதம் எங்கே என்பார்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. பாலடின் அதற்கு அடுத்த வருஷம், கிரேஹாக் என்ற துணைநூலில் வந்தான். அப்போதே அவனுக்குக் கறாரான நிபந்தனை: பகடை உருட்டி வாங்கும் வசீகர எண் 17க்குக் குறையக் கூடாது, ஒழுங்கு தவறினால் சக்தி போய்விடும். மூன்று பகடையை உருட்டி 17, 18 வாங்குவது 216இல் நாலு தடவைதான் நடக்கும். 1978 விதிநூலில் இன்னும் கெடுபிடி. மனிதனாக இருக்க வேண்டும். பத்துக்கு மேல் மந்திரப் பொருள் வைத்துக்கொள்ளக் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் கொடுத்துவிட வேண்டும். 2000இல் வந்த பதிப்பு மனிதனல்லாத இனங்களுக்கும் கதவைத் திறந்தது. 2008இல் நல்லவனாக இருந்தே தீர வேண்டும் என்ற விதியும் போனது.

நாங்கள் ஆடுவது 2014 பதிப்பு. அதில் மூன்றாம் நிலைக்கு வரும்போது பாலடின் ஒரு சபதம் எடுக்க வேண்டும். அர்ப்பணிப்பு, தொன்மை, பழிவாங்கல் என்று அடிப்படை நூலிலேயே மூன்று வழிகள். சக்தி வருவது தெய்வத்திடமிருந்து மட்டும் அல்ல, அவன் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த உறுதியிலிருந்தும்தான் என்று விதிநூலே சொல்கிறது. சாமியே கும்பிடாத பாலடின்கூட இருக்கலாம். சபதம் இல்லாத பாலடின் இருக்க முடியாது.

'புனித வீரர்' எனக்கு உறுத்தியது இதனால்தான். போதாததற்குச் சென்னையில் புனித என்ற அடைமொழிக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. புனித தோமையார் மலை, புனித ஜார்ஜ் கோட்டை. அந்த ஜார்ஜ் ஒரு போர்வீரர், டிராகனைக் கொன்றதாகக் கதையுள்ளவர், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் புனிதர் என்றதும் நம் காதுக்குத் தேவாலயத்துச் சுரூபம்தான் ஞாபகம் வருகிறது. சண்டைக்குப் போகிறவனின் பெயருக்கு அது ஒத்துவராது. 'அறமறவர்' என்று இன்னொரு யோசனை வந்தது. அறம், மறம் இரண்டும் ஒரே பெயரில் நிற்பது அழகு. 'அறத்திற்கே அன்புசார் பென்ப அறியார் மறத்திற்கும் அஃதே துணை' என்ற குறளை அப்படியே ஆளாக நிறுத்தியதுபோல் இருக்கும். சிக்கல் என்னவென்றால் மறவர் என்பது இன்று ஒரு சாதிப்பெயர். விளையாட்டில் அந்தப் பேச்சு எதற்கு?

வரலாற்றில் தேடினால் அச்சு அசலாக ஒரு சொல் கிடைக்கிறது: வேளைக்காரர். சோழ மன்னனுக்காக உயிரைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்த படையினர். வேளை வந்தால் விலகாமல் நிற்பவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பாண்டியரிடம் இப்படி இருந்தவர்கள் தென்னவன் ஆபத்துதவிகள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோகூட, அரசனின் சிதையில் தாங்களும் விழுந்து எரிந்த மெய்க்காவலர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வேளைக்காரர் கதை அரண்மனையோடு முடியவில்லை. இலங்கையில் பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கிருந்த வேளைக்காரப் படை, புத்தரின் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலைத் தங்கள் காவலில் எடுத்துக்கொண்டு, அதற்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று தங்கள் பெயரையே வைத்து, கடைசிவரை காப்போம் என்று கல்லில் வாக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறது. அரசனுக்காகச் சபதம் எடுத்த படை, ஒரு கோயிலுக்காகவும் சபதம் எடுத்து நிற்கிறது. பாலடினுக்கு இதைவிட நெருங்கிய உறவினர் தமிழில் கிடையாது.

அடுத்த ஞாயிறே மாடியில் சொல்லிப் பார்த்தேன். "நீ இனிமே வேளைக்காரன்." தம்பி முகம் சுருங்கிவிட்டது. "என்னண்ணா, வேலைக்காரனா?" சென்னை நாக்கில் ளகரத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. வேளைக்காரரைக் கல்வெட்டிலேயே விட்டுவிட்டேன்.

மிஞ்சியது சபதம். தமிழில் சபதத்துக்குப் பஞ்சம் இல்லை. புறத்திணையில் வஞ்சினக் காஞ்சி என்றே ஒரு துறை உண்டு. புறநானூறு 72இல் தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் சொல்வதைப் பாருங்கள்: எதிரிகளை அழிக்காவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும்; மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும்; கேட்டு வந்தவனுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும். பாலடின் எடுப்பவர்களுக்கெல்லாம் இதைக் காட்டுகிறேன். 'தீமையை அழிப்பேன்' என்று தாளில் எழுதினால் அதை வைத்துக் கதைசொல்லியால் ஒன்றும் செய்ய முடியாது. தவறினால் எதை இழப்பேன் என்று எழுதியிருந்தால் ஆட்டம் தானாக நடக்கும்.

சபதத்துக்கு இன்னொரு பழஞ்சொல் சூள். சூளுரை என்ற வடிவில் இன்னும் மேடைப்பேச்சில் உயிரோடு இருக்கிறது. பொய்ச்சூள் உரைத்தவனைத் தெய்வம் வருத்தும் என்பது சங்ககால நம்பிக்கை. குறுந்தொகை 87இல் கபிலரின் தலைவி, மராமரத்துக் கடவுள் கொடியவர்களைத் தண்டிக்கும் என்கிறார்களே, எங்கள் மலைநாடன் கொடியவன் இல்லை என்று அவனுக்காகப் பதறுகிறாள். விதிநூலில் சபதம் முறித்த பாலடினுக்கென்று ஒரு தனி வழி உண்டு. அவனுக்கு இந்தப் பாட்டு அப்படியே பொருந்தும். ஆக என் ஓட்டு சூள்வீரர் என்பதற்கு. இதையும் சூல் என்று சொல்லிக் கெடுக்க முடியும், தெரியும். இருந்தாலும் சூளுரை பக்கபலமாக நிற்கிறது.

பாத்திரத்தை அமைப்பது பற்றிச் சுருக்கமாக. வலிமையும் வசீகரமும்தான் முதலீடு, மற்றவை அப்புறம். மந்திரம் போட அவனுக்குக் கணக்காகத்தான் வாய்ப்புகள் உண்டு; அந்த இருப்பில் முதல் நிலை வாய்ப்பு ஒன்றைச் செலவழித்தால் வாள்வெட்டோடு இரண்டு எட்டுமுகப் பகடை கூடுதலாக உருட்டலாம். பேய்பிசாசு வகை என்றால் இன்னும் ஒன்று. எங்கள் மாடியில் இதற்குப் பெயர் 'சாத்து'. புதியவர்கள் முதல் சண்டையிலேயே எல்லாவற்றையும் சாத்திவிட்டு, பெரிய எதிரி வரும்போது வெறுங்கையோடு நிற்பார்கள். ஆறாம் நிலையிலிருந்து பத்தடிக்குள் நிற்கும் தோழர்கள் ஆபத்தைத் தாங்க உருட்டும்போது பாலடினின் வசீகரத்துக்கான கூடுதல் எண்ணும் கூட்டிக்கொள்ளப்படும். அதனால் தனியாக முன்னால் ஓடாதீர்கள். இன்னொன்று, சூள் உங்களுக்கு மட்டும்தான். கூட இருக்கும் திருடன் பாத்திரம் பூட்டை உடைக்கும்போதெல்லாம் தலைமையாசிரியர் மாதிரி வகுப்பெடுத்தால் நாலாவது வாரம் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

தம்பி தன் சூளைப் பெரியபுராணத்திலிருந்து எடுத்துக்கொண்டான். ஏனாதிநாத நாயனார் வாள் பயிற்சி ஆசிரியர். தோற்றுப்போன அதிசூரன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு சண்டைக்கு வந்து, கடைசி நொடியில் கேடயத்தை விலக்கிக் காட்டுவான். நாயனார் வெட்ட மாட்டார். ஆனால் ஆயுதத்தைக் கீழேயும் போட மாட்டார். போட்டால், ஆயுதம் இல்லாதவரைக் கொன்ற பழி அவனுக்கு வந்துவிடுமாம். இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே தம்பி அவரைப் பிடித்துக்கொண்டான். தாளில் 'என் தெய்வத்தின் சின்னம் அணிந்தவர்மேல் என் வாள் இறங்காது' என்று எழுதினான்.

கதைசொல்லி நான்தான், விடுவேனா? ஆறாவது வாரம் கொள்ளைக்கூட்டத் தலைவன் மேலங்கியை விலக்கினான். கழுத்தில் அதே சின்னம், தங்கத்தில். மாடியில் பேச்சு நின்றது. சுற்றியிருந்தவர்கள் "டேய், அது டூப்புடா, சாத்துடா" என்று கத்தினார்கள். தம்பி இருபதுமுகப் பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான்.

"வெட்டலண்ணா. வாளைக் கீழயும் போடல. பிடிச்சிட்டு நிக்கறேன்."

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு விமானம். சத்தம் அடங்கும்வரை நானும் பகடையைக் குலுக்கியபடியே இருந்தேன். காலித் தட்டை எடுக்க வந்த அம்மா படிக்கட்டருகே நின்று கேட்டார்: "என்னடா எல்லாரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? பாலாடை போயிட்டானா?"